துத்தி இலையும் பினாங்கு டியூபும்

முதல்ல உதடுதான் காணாமப் போச்சு.

காரைக்குடி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில நின்னுக்கிட்டு டம்ளரை வாய்க்குக் கொண்டுபோறேன். டம்ளர் உதட்டுல பட்டுச்சா படலையான்னே தெரியல. டீ தாடையில வழிஞ்சு காக்கிச் சட்டைக்குள்ள இறங்குது. நெஞ்சுல சூடு தெரியுது, உதட்டுல தெரியல. வெத்தலைக்குச் சுண்ணாம்பு கூடிப்போயி வாய் வெந்துருச்சுன்னு நினைச்சேன். சுண்ணாம்பு குடுத்த பெட்டிக்கடைக்காரன் மேல கோவம் வேற. நாக்குல செப்புக் காசை அடக்கிக்கிட்ட மாதிரி ஒரு ருசி. காதுக்குள்ள யாரோ முக்கி முக்கி லாரி ஓட்டுறான், நிறுத்தவே மாட்டேங்கிறான்.

எங்க கண்டக்டர் காதர் ஓடி வந்து, "அண்ணே, டயமாச்சு, எடுங்கண்ணே"ன்னான். வர்றேண்டான்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது என்னன்னா, "பிள்ளையார்பட்டி, பிள்ளையார்பட்டி, ஏறு ஏறு!" எங்க வண்டி தேவகோட்டை வண்டி. பிள்ளையார்பட்டிக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. ரெண்டு பேரு நிஜமாவே மூட்டையோட எங்க வண்டியில ஏறி உக்காந்துட்டாகன்னு காதர் பின்னாடி சொன்னான். நான் விளையாடுறேன்னு நினைச்சு அவனும் சிரிச்சிருக்கான்.

அதுக்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. கண்ணு முழிச்சப்ப சர்க்கார் ஆஸ்பத்திரி பெஞ்சுல கிடக்கேன். வலது கையில வீல் ஸ்பேனர், அது நழுவாம இருக்கத் துண்டை வச்சுக் கையோட கட்டியிருக்கு. வலிப்பு வந்தவன் கையில இரும்பைக் குடுக்கணும்ல! பஸ் ஸ்டாண்டுல இரும்புக்கா பஞ்சம்? ஒருத்தன் சாவிக்கொத்தைக் கொண்டாந்தானாம், ஒருத்தன் ஜாக்கி லீவரையாம். காதர் பாசக்காரப் பய, பெருசாக் குடுத்தாத்தான் கேக்கும்னு ஸ்பேனரைக் கட்டிவிட்டிருக்கான். கை வெட்டி வெட்டி இழுத்ததுல அது என் முட்டியையே பேத்துருச்சு. அந்தத் தழும்பு இன்னமும் இருக்கு.

"வலிப்பு"ன்னு யாரோ சொன்னது காதுல விழுந்துச்சு. டிரைவருக்குக் கால் ஒடிஞ்சா கட்டுப் போட்டுக்கிட்டுத் திரும்ப வரலாம். வலிப்புன்னு டாக்டர் எழுதிட்டா முடிஞ்சுபோச்சு, ஸ்டேரிங்கைத் தொட விடமாட்டாக. விடவும் கூடாது. பின்னாடி ஒரு வண்டி சனம் உக்காந்திருக்கே. எனக்கோ அந்த வேலையைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது. ஒக்கூர்ல எங்க அப்பா வச்சிட்டுப்போன காட்டுல கல்லுதான் விளையும்.

இப்ப மூலக்கதைக்கு வர்றேன். எங்க ஷெட்டுல பாதிப்பேருக்கு இது உண்டு, ஒருத்தனும் வாயைத் திறக்கமாட்டான். அதனாலதான் நானே சொல்றேன். பஸ் கம்பெனிகளெல்லாம் சர்க்கார் கைக்குப் போகாத காலம் அது. எங்க வண்டியில எஞ்சின் டிரைவருக்குப் பக்கத்துலயே இருக்கும், மேல ஒரு தகர மூடி. வெயில் காலத்துல அந்த மூடி மேல தோசை சுடலாம். அந்தச் சூட்டுல நாள் பூரா உக்காந்து, டிரிப்புக்கு நடுவுல ஒதுங்க இடம் இல்லேன்னு தண்ணி குடிக்காம அடக்கி, ராத்திரி காரமாக் கோழிக்குழம்பை அடிச்சா, என்ன ஆகும்? மூலம் ஆச்சு. மலம் கழிக்கிற இடத்துல இருக்கிற ரத்தக்குழாய் வீங்கித் தொங்குறதுதான் மூலம். பக்கத்துலயே தோல் வேற வெடிச்சுப்போச்சு. ஒவ்வொரு காலையும் உள்ள கண்ணாடிச் சில்லு வச்சுத் தேய்க்கிற வலி.

என் சம்சாரம் பாக்கியத்துக்கு மட்டும் தெரியும். வேட்டியில ரத்தக்கறை கண்டா துவைக்கிறவளுக்குத் தெரியாமலா போகும்? அவ அண்ணன் பினாங்குல ஒரு கடையில வேலை. அந்த வருஷம் ஊருக்கு வந்தவரு கோடாலித் தைலம், சீப்பு, சோப்போட ரெண்டு டஜன் டியூபும் கொண்டாந்தாரு. "அங்குட்டுக் கப்பல்காரவுக எல்லாம் இதத்தேன் போடுறாக. ஒரு விரல் தொட்டுத் தடவுனா வலி ஓடிப்போகும், மாப்பிள்ளை"ன்னாரு. தடவினேன். அட, என்னத்தைச் சொல்ல! கொஞ்ச நேரத்துல அந்த இடமே என்னுது இல்லேங்கிற மாதிரி ஆகிப்போச்சு. அன்னிக்கு வண்டியைப் பாட்டுப் பாடிக்கிட்டே ஓட்டினேன்.

அத்தோட நிறுத்தியிருந்தா இந்தக் கதையே இல்ல. ஒரு விரல் தொட்டுப் போட்டா தேவகோட்டை போய்ச் சேர்றதுக்குள்ள வலி திரும்பிரும். பாக்கியம் யோசிச்சா. எங்க பக்கத்துல மூலத்துக்குத் துத்தி இலையை விளக்கெண்ணெயில வதக்கிச் சூட்டோட வச்சுக் கோவணத்தை இறுக்கிக் கட்டுறது வழக்கம். எல்லா வீட்டுலயும் செய்யுறதுதான். "வெறும் இலையக் கட்டுறதுக்குப் பதிலா அந்த மருந்தையும் அதுமேல பிதுக்கிக் கட்டுனா நாள் பூரா நிக்கும்லங்க?"ன்னா. நானும் ஆகா, என் பொண்டாட்டி மூளையே மூளைன்னு மெச்சினேன். ஒரு இலைக்கு அரை டியூபு. அடுப்புல வாட்டி, சூடு பொறுக்கிற பதத்துல வெடிச்ச இடத்துல வச்சு, இறுக்கிக் கட்டி, அதுக்கு மேல காக்கியைப் போட்டு, அந்த எஞ்சின் சூட்டுலயும் போய் உக்காந்தேன். அப்படி ஆரம்பிச்ச மறுவாரமே நான் பிள்ளையார்பட்டிக்கு ஆள் ஏத்தினேன்.

ஆஸ்பத்திரியில டாக்டர் சின்ன வயசு. மெட்ராஸ்ல படிச்சிட்டு வந்தவரு. கண்ணாடியைக் கழட்டிக் கழட்டித் துடைப்பாரு. தலைமாட்டுல நின்னுக்கிட்டு வரிசையாக் கேட்டாரு.

"குடிப்பீங்களா?"

"வண்டி ஓட்டுறவன் சார். தொடுறதில்ல."

"சின்ன வயசுல வலிப்பு வந்திருக்கா? தலையில அடி பட்டிருக்கா?"

"இல்ல சார்."

"பன்றிக்கறி சாப்பிடுவீங்களா?"

"எதுக்கு சார்?"

"அதுல இருக்கிற ஒரு பூச்சி மூளைக்குப் போனாலும் வலிப்பு வரும்."

"சாமி, அதெல்லாம் இல்ல."

"வேற எதுக்காவது மருந்து சாப்பிடுறீங்களா?"

"ஒண்ணும் சாப்பிடல சார்."

சத்தியமா நான் பொய் சொல்லல. மருந்துன்னா என்ன? வாயில போட்டு விழுங்கறது, இல்லேன்னா ஊசி. கீழ பூசுறதை யாரு மருந்துன்னு கணக்குல வச்சா? தலைக்கு எண்ணெய் தேய்க்கிறதை யாராவது டாக்டர்கிட்டச் சொல்லுவாகளா? அதுவும் இதுவும் எனக்கு ஒண்ணுதான். அவரு தலையைப் பத்திக் கேக்குறாரு, நான் தலையைப் பத்திச் சொல்றேன். வெக்கமும் இருந்துச்சுதான், இல்லேங்கல. ஆனா வெக்கப்பட்டு மறைக்கிற அளவுக்குக்கூட அது என் நினைப்புல வரல.

அந்த நாளெல்லாம் எனக்குக் கோர்வையா ஞாபகம் இல்ல. மேல சுத்துற ஃபேனைப் பாத்து, யாரு இதை இம்புட்டு ஒடிச்சுத் திருப்புறான்னு கேட்டேனாம். நர்சம்மா ஊசியோட வந்தப்ப, "டிக்கெட் வாங்கியாச்சும்மா"ன்னேனாம். காதர் ஒரு மாதிரி சொல்றான், பாக்கியம் ஒரு மாதிரி சொல்றா. நான் அழுதேன்னு இவ சொல்றா, நீங்க எங்கண்ணே அழுதீக, வையத்தான செஞ்சீகன்னு அவன் சொல்றான். என் ஞாபகம் பாதி, அவுக சொன்னது பாதின்னு தச்சு வச்சிருக்கேன். வலிப்பு அடங்க மாத்திரை வேற குடுத்தாக. அதைப் போட்டா நாக்கு தடிச்சு, ஒரு சொல்லை எடுக்க ஒரு யுகம் ஆகும். நோயால கிறங்கிக் கிடக்கேனா மாத்திரையால கிறங்கிக் கிடக்கேனான்னு பிரிச்சுப் பாக்கவே தெரியல.

சோதனை மேல சோதனை. ரத்தம், ஒண்ணுக்கு, தலைக்கு எக்ஸ்ரே. ஒரு நாள் என்னை வில்லா வளைச்சுப் படுக்கப்போட்டு முதுகெலும்புக்குள்ள ஊசியை விட்டு நீர் எடுத்தாக. மூளையைச் சுத்தி ஒரு நீர் இருக்காம். உள்ள சீழோ காய்ச்சலோ இருந்தா அது கலங்கித் தெரியுமாம். "நீர் தெளிவா இருக்கு"ன்னு டாக்டர் வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டுச் சொன்னாரு. நல்ல செய்தியா கெட்ட செய்தியான்னு கேட்டேன். "எனக்கே குழப்பமா இருக்குய்யா"ன்னாரு. டாக்டரே குழப்பமா இருக்குன்னு சொன்னா படுத்திருக்கிறவன் என்ன பண்ணுவான், சொல்லுங்க! அன்னிக்கு முழுக்க மட்ட மல்லாக்கக் கிடந்து தலைவலியில துடிச்சேன்.

இதுக்கு நடுவுல மூலம் தன் வேலையை நிறுத்துமா? படுத்தே கிடந்தா மலச்சிக்கல் கூடத்தான் செய்யும். பாக்கியத்துக்கு மனசு கேக்கல. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பார்வையாளர் நேரத்துக்கு வருவா. ஒரு தூக்குல கஞ்சி. இன்னொரு சின்னத் தூக்குல, மேல ஒரு துணியைச் சுத்தி, வாட்டின துத்தி இலை. "சூடு ஆறுறதுக்குள்ள போயிட்டு வந்துருங்க"ன்னு காதோட சொல்லுவா. நான் செவுத்தைப் பிடிச்சுக்கிட்டுக் கக்கூஸ் போய்க் கட்டிக்கிட்டு வருவேன். கண்ணாடிச் சில்லு வலி அடங்கும். அவ வேர்க்க விறுவிறுக்க வெயில்ல நடந்து வந்த முகத்தைப் பாத்து எனக்குக் கண்ணு கலங்கும். கட்டின பொண்டாட்டியத் தவிர வேற யாரு இதைச் செய்வா?

அவ போன கொஞ்ச நேரத்துல உதடு மறுபடி காணாமப் போகும். காதுல லாரி கிளம்பும். கை ஆட ஆரம்பிக்கும். ரெண்டு தடவை முழு வலிப்பே வந்துருச்சு. மாத்திரையைக் கூட்டினாரு டாக்டர். அதுக்கும் கேக்கல.

நெற்குப்பையில கட்டிக்குடுத்த எங்க அக்கா வள்ளி சேதி கேட்டு வந்துட்டா. எங்க அம்மா போனபிறகு என்னை வளர்த்தவ அவதான். பாசமும் அதிகம், வாயும் அதிகம். வந்து கட்டிலடியில உக்காந்து ரெண்டு நாள் எல்லாத்தையும் கண்கொட்டாமப் பாத்தா. அப்புறம் நர்சம்மாகிட்டப் போய், "இவ வந்துட்டுப் போனபிறகுதானே இவனுக்கு இழுக்குது?"ன்னு கேட்டிருக்கா. நர்சம்மாவும் யோசிச்சுப் பாத்துட்டு, "ஆமா, அப்படித்தான் இருக்கு"ன்னு சொல்லிருச்சு.

அவ்வளவுதான், அக்கா முடிவு பண்ணிட்டா. எங்க பக்கத்துல புருசனை முந்தானையில முடிஞ்சு வைக்க, சோத்துல மருந்து வைக்கிறதுன்னு ஒரு பேச்சு உண்டு. வேரு, சாம்பலு என்னென்னமோ சேர்ப்பாகளாம். அது வயித்துல ஒட்டிக்கிட்டு ஆளை உருக்கி, புத்தியைப் பேதலிக்கவிடுமாம். அதை ஊதி எடுக்கிறதுக்குன்னு தனியா ஆளுக இருக்காக. அக்கா அப்படி ஒருத்தனுக்குச் சொல்லியனுப்பிட்டா. நாளைக் கழிச்சு ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்துட்டு என்னைக் கூட்டிக்கிட்டுப் போறதா ஏற்பாடு.

மறுநாள் பாக்கியம் வந்தப்ப அக்கா வாசல்லயே மறிச்சு, கட்டிக் கொண்டாந்த சாமான் ஒண்ணும் உள்ள வரக்கூடாதுன்னு கஞ்சியோட திருப்பி அனுப்பிட்டா. பாக்கியம் அழுதுக்கிட்டே போனாளாம். அன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா? ஒண்ணும் ஆகல! உதடு உதடாவே இருந்துச்சு. காதுல லாரி இல்ல. பின்னால மட்டும் உசுரு போகுது, அது வேற கதை.

"பாத்தியாடா தம்பி! அவ கை படாத நாள்ல எப்படித் தெளிவா இருக்க!"ன்னா அக்கா.

அக்கா சொல்றதுல பிழை கண்டுபிடிக்க முடியல. பாக்கியம் வந்தா வருது, வரலேன்னா வரல. கஞ்சியில என்ன இருந்துச்சு? எதுக்கு வைக்கணும்? நான் எங்க ஓடிப்போறேன்னு வச்சா? என் பொண்டாட்டியவே நான் சந்தேகப்படுறேனா, இல்ல மாத்திரை என்னைச் சந்தேகப்பட வைக்குதா? அன்னிக்கு மத்தியானம் கம்பெனி மேனேஜர் வேற ஆரஞ்சுப் பழத்தோட வந்து, "ஒண்ணும் கவலைப்படாதீக, உங்க வண்டிக்கு வேற ஆளைப் போட்டாச்சு"ன்னாரு. என் வண்டியில வேற ஆளு! கவலைப்படாதீகளாம்! பழத்தைத் தூக்கி எறியலாம் போல இருந்துச்சு, கை எழும்பல.

அடுத்த நாள் காலையில டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து பக்கத்துக் கட்டில்ல நிக்கிறாரு. வாசல்ல சத்தம். பாக்கியம் ரெண்டு தூக்கையும் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா, அக்கா குறுக்க நிக்கிறா.

"உள்ள விடுங்க மதினி. அவுக வலி தாங்கமாட்டாக."

"வலியா? வலிக்க வச்சதே நீதேண்டி! என் தம்பிக்கு மருந்து வச்சுப்புட்டு எந்த மூஞ்சியோட வார?"

வார்டே திரும்பிப் பாத்துச்சு. பாக்கியம் என்னைப் பாத்தா. நான் எந்திரிச்சு உக்காந்து, அக்கா சும்மா இருன்னு சொல்லப் பாத்தேன். தடிச்ச நாக்குல "அக்... அக்..."னுதான் வந்துச்சு. பதினாறு வருசக் குடித்தனத்துல பாக்கியம் சத்தம் போட்டு நான் கேட்டதில்ல. அன்னிக்குக் கேட்டேன்.

"ஆமா, வச்சேன்! மருந்து வச்சேன்! வாயிலயா வச்சேன்? உங்க தம்பிக்கு எங்க வச்சேன்னு அவுகளையே கேளுங்க! மூலம் வெடிச்சு ரத்தமாக் கொட்டுது, யாருகிட்டயும் சொல்லாதன்னாக, சொல்லல. இந்தாருக்கு, பாருங்க! நல்லாப் பாருங்க!"

சின்னத் தூக்கைத் திறந்து இலையை எடுத்து வார்டு நடுவுல தூக்கிக் காட்டிட்டா. மடியில இருந்து டியூபை எடுத்து அக்கா கையில திணிச்சா. எனக்குப் போர்வையை இழுத்து மூஞ்சியை மூடிக்கலாம்னு இருந்துச்சு, மூடிக்கவும் செஞ்சேன். போர்வைக்குள்ள இருந்துகிட்டே டாக்டர் செருப்புச் சத்தம் வேகவேகமா வாசலுக்குப் போறதைக் கேட்டேன்.

"அம்மா, அந்த டியூபைக் குடுங்க. இதை எப்படிப் போடுவீங்க? எவ்வளவு?"

"ஒரு இலைக்கு அரை டியூபுங்க. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

"சூடு பண்ணித்தான் வைப்பீங்களா?"

"ஆமாங்க. வதக்கி, சூட்டோட, இறுக்கிக் கட்டி."

அப்புறம் என் போர்வை விலகுச்சு. டாக்டர் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே என் கட்டில் ஓரத்துல உக்காந்தாரு. "ஏய்யா, நான் உங்களை மருந்து உண்டான்னு கேட்டேனா இல்லையா?"

"சாப்பிடுறீங்களான்னு கேட்டீங்க சார்"னேன்.

அவரு வைவாருன்னு பாத்தேன். வையல. "சரிதான், நான் பூசுறதையும் கேட்டிருக்கணும்"னாரு. கையோட என்னை ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லி, ஒட்டியிருந்த மிச்சத்தையும் கழுவி எடுக்கச் சொன்னாரு.

அவரு சொன்னதை எனக்குப் புரிஞ்சபடி சொல்றேன். அந்த டியூபுல இருக்கிறது நரம்பை மரக்கவைக்கிற மருந்து. பல்லுப் பிடுங்குறப்ப ஊசியில போடுவாகளே, அந்தச் சாதி. வலியை மறக்கவைக்கும், அம்புட்டுத்தான். மூலத்தைச் சுருக்காது, வெடிப்பை ஆத்தாது. அளவோட பூசினா பூசின இடத்தோட நிக்கும். ஆனா அந்த இடத்துத் தோல் மெல்லிசு, அடியிலயே ரத்தக்குழாய். வெடிச்சு ரத்தம் வடியிற புண்ணுல அள்ளி அப்பி, சூடு வச்சு, இலையால மூடி, காத்துப்புகாமக் கட்டினா, மருந்து பூராவும் ரத்தத்துல இறங்கிரும். ரத்தத்தோட மூளைக்குப் போகும். அங்க போனா முதல்ல உதடும் நாக்கும் மரக்கும், காது இரையும், இரும்பு ருசி, தலைக்கிறுகிறுப்பு, பேச்சுக் குழறும், கை ஆடும், அப்புறம் வலிப்பு. அதுக்கும் மேல போனா நெஞ்சே நின்னுரும்னாரு. அதைச் சொன்னப்ப பாக்கியம் அப்படியே தரையில உக்காந்துட்டா.

"நான் கொன்னுருப்பேனா சார்?"ன்னு கேட்டா.

"நீங்க கோவப்பட்டதாலதான் பிழைச்சாரும்மா"ன்னாரு டாக்டர். அக்கா முந்தானையை வாயில வச்சுக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

அப்ப வலிப்பு இல்லையா, வண்டி ஓட்டலாமான்னு நான் கேட்டேன். அங்கதான் அவரு பிடி குடுக்கல. "இதுதான் காரணம்னு நினைக்கிறேன். நினைச்சா பத்தாது. மருந்து சுத்தமா நிக்கணும். அப்புறம் வலிப்பு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு நிறுத்தணும். ரெண்டும் இல்லாம நீங்க நல்லா இருந்தாத்தான் கையெழுத்துப் போடுவேன்." எனக்கு மறுபடியும் குழப்பம். வலிப்பு வராம இருக்கிறது இலை இல்லாததாலயா, மாத்திரை இருக்கிறதாலயா? மாத்திரை குறைய குறையத்தானே தெரியும்? தினமும் காலையில எந்திரிச்சதும் உதட்டைக் கிள்ளிப் பாப்பேன். கிள்ளிக் கிள்ளியே உதடு தடிச்சுப்போச்சு. அது தடிச்சதால மரத்த மாதிரி இருக்கும், உடனே கிலி பிடிச்சுக்கும். ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டுல மிளகு கூடி நாக்கு விறுவிறுன்னதுக்கு நர்சம்மாவைக் கூப்பிட்டு ஊரைக் கூட்டிட்டேன்.

மூலத்தையும் ஒழுங்காப் பாத்தாக. கையுறை போட்டு விரலை விட்டும், சின்னக் குழாய் ஒண்ணை விட்டும் பாத்தாரு. அந்தப் பத்து நிமிசத்துல நான் விட்ட வசவு எல்லாம் எஞ்சினுக்குத்தான் சார், உங்களுக்கு இல்லன்னு பின்னாடி சொல்லிக்கிட்டேன். ரத்தம் போச்சுன்னா மூலம்தான்னு நாமளா முடிவு கட்டக்கூடாதாம். உள்ள கட்டி, புத்து எதுவானாலும் ரத்தம் போகுமாம். எனக்கு மூலமும் வெடிப்பும்தான். தண்ணி நிறையக் குடிக்கணும், கீரை, வாழைத்தண்டு, முக்கக்கூடாது, வெதுவெதுப்பான தண்ணியில தினம் உக்காரணும்னாரு.

உக்காரப் பாத்திரம் வேணுமே? அதை யாரு கொண்டாந்தான்னா எங்க அக்கா. நெற்குப்பையில அவ கல்யாணச் சீர்ல வந்த எனாமல் பேசின், ரங்கூன் சரக்கு, பூப்போட்டது. அதுல ஒரு நாள் ஒரு பொழுது தண்ணி ஊத்தினதில்ல, பரண்ல வச்சுப் பாத்துக்கிட்டே இருப்பா. அதைத் துணியில சுத்திப் பஸ்ஸுல மடியில வச்சுக் கொண்டாந்து பாக்கியம் முன்னால வச்சா. "என் தம்பி குண்டி வைக்கத்தேன் எழுதியிருக்கு போல"ன்னா. மன்னிப்புன்னு ஒரு வார்த்தை அவ வாயில இருந்து வரல. பாக்கியம் பேசினைத் தூக்கிக்கிட்டு வெந்நீர் பிடிக்கப் போனா, அக்கா பின்னாலயே ஓடி, "சூடு பாத்து ஊத்துத்தா"ன்னா. ரெண்டு பேரும் சேர்ந்து அந்தத் தண்ணிக்குள்ள கையை விட்டு விட்டுப் பாத்துக்கிட்டிருந்தாக.

நோவு ஆறி வர்றப்ப டாக்டரே அதே சாதி மருந்துல ஒண்ணு எழுதிக் குடுத்தாரு. நான் கட்டிலை விட்டே எறங்கிட்டேன், வேணாம் சார்னேன். "மருந்து மேல பிழை இல்லய்யா, போட்ட விதத்துல"ன்னாரு. ஷெட்டுக்காரவுகளே, இந்த இடத்தை நல்லாக் கேட்டுக்கங்க. இடத்தைக் கழுவி, ஒத்தித் துடைச்சு, காஞ்சபிறகு, ஒரு பட்டாணி அளவு, வெளிப்பக்கமா மெல்லிசாத் தடவணும். டாக்டர் சொன்ன தடவைக்கு மேல ஒரு தடவைகூடக் கூடாது. ஒரு வாரத்துல அடங்கலேன்னா டியூபைத் தேடாம டாக்டரைத் தேடணும். ரத்தம் கசியிற புண்ணுல அப்பறது, இலை, ஒத்தடம், இறுக்கிக் கட்டுறது, ஒண்ணும் ஆகாது. இது பத்தலன்னு இன்னொரு மரக்கிற மருந்தைச் சேத்துப் பூசறதும் ஆகாது. பூசின கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும், அதோட கண்ணைக் கசக்கிட்டு ஐயோன்னு வராதீக. பிள்ளைக கைக்கு எட்டாம வைங்க. உதடு மரத்துச்சா, காது இரைஞ்சுச்சா, துடைச்சுக் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. அங்க யாராவது மருந்து உண்டான்னு கேட்டா, தின்னது, குடிச்சது, பூசுனது, சொருகுனது எல்லாத்தையும் சொல்லுங்க. வெக்கமா இருந்தா பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுப் போங்க.

மாத்திரை முழுசா நின்னு, அதுக்குப் பிறகும் ரொம்பக் காலம் காக்க வச்சுத்தான் டாக்டர் கையெழுத்துப் போட்டாரு. அதுவரைக்கும் ஷெட்டுல டயருக்குக் காத்தடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். மேனேஜர் அதுக்கும் மேல, காலி வண்டியில என்னைச் சுத்தவிட்டு, பக்கத்துல உக்காந்து என் வாயையே பாத்துக்கிட்டு வந்தாரு.

முதல் டிரிப்பு காலைத் தேவகோட்டை வண்டி. உக்கார வட்டமா ஒரு பஞ்சு மெத்தை பாக்கியம் தச்சுக் குடுத்திருந்தா. நான் ஏறி உக்காந்து எஞ்சினைத் தட்டினேன். வண்டி நிறைய ஆளு. கை ஸ்டேரிங் மேல இருக்கு, ஆனா மனசு தடுமாறுது. எல்லாரும் என்னையே பாக்குற மாதிரி இருக்கு. காது இரையுதா, எஞ்சின் இரையுதா? எனக்குச் சொல்லத் தெரியல. காதர் பின்னால இருந்து விசில் குடுத்துட்டான். நான் கியரைப் போடல.

அப்பப் பாத்தா, என் ஜன்னலுக்குக் கீழ பாக்கியம் நிக்கிறா. நான் தண்ணிக் கூஜாவை மறந்துட்டு வந்துட்டேன்னு ஓடி வந்திருக்கா. மூச்சு வாங்குது. கூஜாவை நீட்டினவ, என் மூஞ்சியைப் பாத்துட்டுக் கையை எடுக்கல. ஒரு வண்டி சனமும் கேக்குற மாதிரி சத்தமாக் கேட்டா.

"உதடு இருக்கா?"

நாக்கால தொட்டுப் பாத்தேன். வெத்தலைக் காரம் உறைச்சுச்சு.

"இருக்கு."

"வலி?"

மெத்தை மேல அசைஞ்சு பாத்தேன்.

"அதுவும் இருக்கு."

"அப்பச் சரி, எடுங்க"ன்னா.